கூடாரத்துப் பேச்சும் சந்நிதியின் கண்ணீரும்

கேள்வி: என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆலயத்தில் நலம் விசாரிப்பவர்களிடம் "ஸ்தோத்திரம், நன்றாயிருக்கிறேன்" என்கிறேன். ஜெபத்திலும் துதியை மட்டுமே சொல்கிறேன். உள்ளே இருப்பதோ ஆண்டவர்மேல் கோபம். அதை வாய்விட்டுச் சொன்னால், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்த பாவமாகிவிடும் என்கிறார் என் அக்காள். அப்படித்தானா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அக்காள் அக்கறையோடுதான் எச்சரிக்கிறார். ஆயினும் உபாகமம் 1:27-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கர்த்தர் தங்களை வெறுக்கிறார் என்று இஸ்ரவேலர் முறுமுறுத்தது தங்கள் கூடாரங்களுக்குள்ளே. அவரைப்பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களே தவிர, அவரிடம் பேசவில்லை. பிள்ளையில்லாத ஏக்கத்தோடிருந்த அன்னாளோ தன் மனக்கசப்பையெல்லாம் சந்நிதியிலேயே அழுது தீர்த்தாள். அவள் குடித்திருப்பதாக ஆசாரியனாகிய ஏலி நினைத்தபோது, கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றிவிட்டதாகச் சொன்னாள் (1 சாமுவேல் 1:15). ஆலயத்தில் அழுகிறவர்களைத் தவறாக எடைபோடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல!

சுகம் என்பதைக் குறித்து மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள, அதாவது ஓயாத உதிரப்போக்கினால் வருந்திய, ஸ்திரீயிடம் நாம் கற்கவேண்டியது உண்டு. மோசேயின் நியாயப்பிரமாணத்தின்படி 12 வருஷம் தீட்டுள்ளவளாக ஒதுங்கி வாழ்ந்த அவள், யாரும் அறியாமல் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவுடனே சரீரத்தில் சுகம் பெற்றாள். அதோடு போய்விடவே நினைத்திருப்பாள். ஆனால் இயேசு நின்று, தொட்டது யார் என்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்து, உண்மையையெல்லாம் சொன்ன பிறகே "மகளே" என்ற அழைப்பும், சமாதானத்தோடே போ என்ற வார்த்தையும் அவளுக்குக் கிடைத்தன. உடல் தேறிய பின்னும் அவளுக்குள் ஆறவேண்டியது ஒன்று இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆகவே தனிமையில், உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழிலேயே, கோபத்தைக் கோபம் என்று பெயர்சொல்லி அவரிடம் கூறுங்கள். கேட்டதை வெளியே கொண்டுபோகாத ஒருவர் சபையில் இருந்தால் அவரிடமும் பேசலாம். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல. சொற்களே வராத இரவில் 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஏன் என்னைத் தள்ளிவிட்டீர் என்று கேட்டு, ஒரு நன்றிச் சொல்லும் இல்லாமலே முடிகிற அந்தப் பாட்டும் வேதத்தில்தான் இருக்கிறது. அதை வாசித்துவிட்டு, அன்றைக்கு அவ்வளவே உங்கள் ஜெபம் என்று படுத்துக்கொள்ளுங்கள்.