தனியே போகலாம், முதலில் முற்றத்தில் விழுத்திப் பாருங்கள்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். வயது 34. அண்மையில் பழைய 250 சிசி ட்ரெயில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை என்பதால் கூட வர நண்பர்கள் கிடைப்பதில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கிறவல் வீதிகளிலும் வாய்க்கால் கட்டுகளிலும் தனியே ஓட விரும்புகிறேன். பிறகு குடும்பிமலை, ஒக்கந்தை வரை போகவும் ஆசை. தனியே போவது பாதுகாப்பானதா? என்னென்ன பொருட்கள் வாங்க வேண்டும்? மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பதில்: தம்பி, பொருட்களை எல்லாம் பிறகு வாங்கலாம். இன்று மாலை வீட்டு முற்றத்து மணலில் உங்கள் மோட்டார் சைக்கிளை மெதுவாகச் சரித்துப் படுக்க வையுங்கள். பெற்றோல் வாயை மூடிவிட்டுச் செய்யுங்கள். பிறகு யாரையும் கூப்பிடாமல் அதைத் தூக்கி நிறுத்துங்கள். இடப்பக்கம் மூன்று முறை, வலப்பக்கம் மூன்று முறை. ஆறாவது முறையும் தூக்க முடிந்தால் இந்தப் பதிலின் மிச்சத்தை வாசியுங்கள். முடியாவிட்டால் முறையைப் பழகும்வரை தார் வீதியிலேயே ஓடுங்கள்.

கையால் இழுத்துத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஹாண்டிலை நிலத்தோடு கிடக்கும் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். இருக்கையில் உங்கள் பின்புறம் படும்படி முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹாண்டில் பிடியில், மறுகை பின்பக்கச் சட்டத்தில். இனி முதுகை நிமிர்த்தி, கால்களால் நிலத்தைத் தள்ளியபடி சின்னச் சின்ன எட்டாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்னரே சைட் ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கமாகப் போய் விழும். உங்கள் பழைய 250, தண்ணீர் முட்டியும் சாமான் பையும் சேர்ந்தால் எளிதில் 140 கிலோவைத் தொட்டுவிடும். அதை மத்தியான வெயிலில், கச்சான் காற்று அடிக்கும்போது, நான்காவது தடவையாகத் தூக்குவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்த வண்டி தனியாளுக்கு நல்லது என்று பலர் கேட்பார்கள். களைத்த பிறகும் தூக்கக்கூடிய வண்டி என்பதே என் பதில். குதிரைவலுவை அதற்குப் பின்னர் பார்க்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கள வேலைக்காகப் பதினேழு ஆண்டுகள் இந்தப் பக்கமெல்லாம் ட்ரெயில் வண்டி ஓடியவன் நான். ஒரு முறை வெல்லாவெளிக்கு மேற்கே ஒரு வாய்க்கால் கட்டில் போய்க்கொண்டிருந்தேன். வேகம் பதினைந்துகூட இராது. மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்திருந்த குழியில் முன்சில்லு இறங்கி, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கால் அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, இரத்தமும் இல்லை. ஆனால் காலை வெளியே எடுக்க முடியவில்லை. கைபேசி ஹாண்டிலில் பூட்டிய தாங்கியில், எட்டாத தூரத்தில் இருந்தது. ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழித்துத்தான் பட்டி பார்க்க வந்த ஒருவர் கண்டார். வந்தவர் முதலில் மாட்டைத்தான் திட்டினார்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். இயந்திரத்தை உடனே நிறுத்துவது. மற்றக் காலை இருக்கையில் ஊன்றி வண்டியைத் தள்ளிக்கொண்டே, மாட்டிய காலுக்குக் கீழிருக்கும் மண்ணைக் கையால் பறிப்பது. மணலென்றால் இரண்டு நிமிட வேலை. காய்ந்த களியென்றால் ஒரு டயர் லீவர் வேண்டும். என் டயர் லீவரோ பின்பக்கப் பையில் இருந்தது. அன்றிலிருந்து கைபேசி, ஊதல், சிறு கத்தி மூன்றும் என் உடம்பில்தான் இருக்கும். வண்டியும் ஆளும் பிரிந்து விழக்கூடும் என்பதை நினைத்தே பொருட்களைப் பிரித்து வையுங்கள். உயிர் காப்பவை சட்டைப் பையில், வண்டியைக் காப்பவை வண்டியில்.

அடுத்தது, எப்போது போவது. எழுதுகிறவர்கள் பலர் பாதையைப் பற்றித்தான் கேட்கிறார்கள், காலத்தைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் காலம்தான் பெரிது. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வடகீழ்ப் பருவ மழை. வயற்கண்டத்துப் பாதையெல்லாம் உழவு இயந்திரம் கிழித்த சேறாகக் கிடக்கும். அந்தக் களி சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில் அடைத்துச் சில்லையே சுற்றவிடாது. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதியில் வெள்ளம் ஏறினால் அப்பாலுள்ள ஊர்களுக்குப் போகவே தோணி வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் குடும்பிமலை என்ற பேச்சை எடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது மாசிப் பிற்பகுதியும் பங்குனியும். பெரும்போக வெட்டு முடியும் நேரம், நிலம் இறுகியிருக்கும். அதைவிட முக்கியம், வயலில் ஆட்கள் இருப்பார்கள். வாடிகளில் அடுப்பு எரியும், வெட்டு இயந்திரம் ஓடும், நெல் மூட்டை ஏற்ற உழவு இயந்திரங்கள் வந்து போகும். நீங்கள் தனியே ஓடினாலும் அரை மணிக்கு ஒருவர் கண்ணில் படுவீர்கள். சிறுபோக வெட்டு நடக்கும் ஆவணியும் இப்படித்தான், நீர்ப்பாசனம் உள்ள இடங்களில் மட்டும். இடைப்பட்ட மாதங்களில் அதே பாதை காய்ந்து அழகாகக் கிடக்கும். மனித வாடையே இருக்காது.

தனியே ஓடுகிறவர் தன் ஓட்டத்தின் கடுமையை, உதவி வந்துசேர எடுக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நண்பர்களோடு வந்தால் இறங்கிப் பார்க்கக்கூடிய ஓடையைத் தனியே வந்தால் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

போகும் வழியில் ஆட்களைக் கண்டால் நின்று, “இது எந்தக் கண்டம்?” என்று கேளுங்கள். கைபேசி வரைபடத்தில் அந்தப் பெயர்கள் இருக்காது. நாளை 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க நேர்ந்தாலும், பக்கத்து ஊரில் இருந்து ஓர் உழவு இயந்திரம் வர வேண்டியிருந்தாலும், கண்டத்தின் பெயரும் வாய்க்காலின் பெயரும்தான் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். நின்று கதைத்தால் இன்னொரு பலனும் உண்டு. சிவப்புத் தலைக்கவசம் போட்ட ஒருவர் காலையில் மேற்கே போனார், இன்னும் திரும்பவில்லை என்று யாராவது ஒருவர் நினைவு வைத்திருப்பார்.

யானையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அதுதான் எனக்குக் கவலை. வெட்டு முடிந்த வயலுக்கு யானையும் வரும். உன்னிச்சை, உறுகாமம், புல்லுமலைப் பக்கமும், அம்பாறையில் லகுகலைப் பக்கமும் இருந்து பிற்பகல் நான்கு மணிக்குள் வெளியேறிவிடுங்கள். காலையிலும் நன்றாக விடிந்த பிறகே உள்ளே போங்கள். தனியன் யானையைக் கண்டால் ஹோர்ன் அடிப்பதும் இயந்திரத்தை முறுக்கிச் சத்தம் போடுவதும் மடைத்தனம். தூரத்திலேயே நின்று, இயந்திரம் ஓடியபடியே இருக்க, திரும்பி வந்த வழியே போய்விடுங்கள். குளக்கட்டில் இது சொல்வதுபோல் சுலபமில்லை. அகலம் குறைந்த கட்டில் வண்டியைத் திருப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே வளைவுகளில் முன்னே என்ன இருக்கிறது என்று தெரியும்வரை வேகத்தைக் குறையுங்கள். மின்வேலியைத் தொடாதீர்கள். வேலி என்று தெரியாமல் தாழ்வாக இழுத்த கம்பிகளும், பன்றிக்கு வைத்த, இடறினால் வெடிக்கும் கட்டுத்துவக்கும் பற்றைக்குள் இருக்கலாம். ஆட்கள் நடந்து பழகிய தடத்தை விட்டுக் குறுக்கே இறங்காமல் இருக்க இதுவே போதுமான காரணம். மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் துருப்பிடித்த இரும்பு ஏதாவது மண்ணில் தெரிந்தால் சப்பாத்துக் காலாலும் தட்டிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர். ஓடையானாலும், வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாலமான தாம்போதியானாலும், முதலில் இறங்கி நடந்து கடவுங்கள். ஒரு தடி எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது கால் இழுபட்டால் வண்டியும் இழுபடும். தண்ணீர் அசையாமல் முழங்காலுக்குக் கீழே நின்றால் முதல் கியரில், நிதானமாக, கிளச்சை அடிக்கடி பிடிக்காமல் கடக்கலாம். ஓடும் தண்ணீர் என்றால் கணுக்காலுக்கு மேல் நான் தனியே இறங்க மாட்டேன். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளித் தாம்போதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. நம் வண்டியின் எடை என்ன?

வண்டி தண்ணீரில் விழுந்து இயந்திரம் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பொத்தானில் கை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கொனெக்டிங் ரொட் வளையும். கரைக்கு இழுத்து, காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றி, வண்டியைச் சரித்து, கிக்கர் இருந்தால் அதை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் தெரிந்தால் அந்த வண்டியை அன்று ஓட்டக்கூடாது. தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இனி நீங்கள் கேட்ட பொருட்கள். கணுக்காலைப் பிடித்து வைக்கும் உயரமான சப்பாத்து, முழங்கால் காப்பு, தலைக்கவசம், கையுறை இவற்றுக்குப் பணத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். என் அனுபவத்தில் தனியாளை வீட்டுக்கு நடந்து வரவிடாமல் செய்வது கணுக்கால்தான். கருவியில் முன்சில்லு டியூப் ஒன்று (அவசரத்துக்குப் பின்சில்லுக்குள்ளும் நுழைத்து வீடு வந்துசேரலாம்), மூன்று டயர் லீவர், கைப்பம்பு, ஒட்டு, சங்கிலி இணைப்பு ஒன்று, கிளச் லீவரும் பிரேக் லீவரும் ஒவ்வொன்று, பிளக், பியூஸ், கம்பி, ஒட்டுநாடா. கடையில் கொடுத்துப் பழகிய கை என்றால் வீட்டில் ஒரு முறை நீங்களே டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை இரண்டு மணித்தியாலம் போகும். அது வயல் நடுவில் போகாமல் இருக்கட்டும்.

மணலில் ஓடும்போது காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் சில்லு பரந்து பிடிக்கும். அதே காற்றோடு கல் பாதையில் வேகமாகப் போனால் டியூப் ரிம்மில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். கைப்பம்பு சும்மா இல்லை. தண்ணீர் குறைந்தது நான்கு லீற்றர். பெற்றோலை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு வழி தவறுவதற்கு என்று கணக்கிடுங்கள்.

ஒக்கந்தை ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. பொத்துவிலில் பெற்றோல் நிரப்பி, பாணமை கடந்து, முருகன் கோயில் வரை போகலாம். அதற்கு அப்பால் குமண தேசிய பூங்கா, உள்ளே மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கதிர்காமத் திருவிழாக் காலத்தில் அங்கே நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த வீதியில் வருவார்கள். அவர்கள் மேல் புழுதி எழுப்பிக்கொண்டு போவது நாகரிகமில்லை, அந்த நாட்களைத் தவிருங்கள். குடும்பிமலை 534 மீற்றர் உயரம்தான், தூரத்தில் இருந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பதுபோல் ஏமாற்றும். அதைக் குறைந்தது பத்துச் செவ்வாய்க்கிழமைகளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதல் முறை பாதை தெரிந்த ஒருவரோடு.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்கிறவரிடம் ‘கவனமாகப் போவேன்’ என்று சொல்லிப் பயனில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாலத்தால் கடக்கிறேன், எந்த ஊர் வழியாகப் போகிறேன், எங்கே திரும்புகிறேன், எத்தனை மணிக்கு அழைப்பேன். அழைக்காவிட்டால் எத்தனை மணி வரை பொறுக்க வேண்டும், பிறகு முதலில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அவரே எழுதட்டும். கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு, ஆகவே ஒரு மணித்தியாலம் கூட்டி வையுங்கள். பாதையை வழியில் மாற்றாதீர்கள். தாளில் இல்லாத பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத்தான்.

முதல் நாளுக்குப் பட்டிருப்புப் பாலத்தால் கடந்து, போரதீவு, வெல்லாவெளி. அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மேற்கே போகாமல் திரும்புங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். வரும் வழியில் சங்கிலிக்கு ஒயில் போட மறக்காதீர்கள், அந்தக் கிறவல் புழுதி அதைத் தின்றுவிடும்.