சவரம் செய்த இரண்டாம் நாள் அரிப்பு

கேள்வி: வயது 26, கொழும்பில் வேலை செய்கிறேன். அக்குளிலும் தொடையிடுக்கிலும் சவரம் செய்தால் இரண்டாம் நாள் அரிப்பு தொடங்கிச் சிறு பருக்கள் வருகின்றன. பாமசியில் தந்த களிம்பைப் பூசினால் அடங்குகிறது, விட்டால் திரும்பவும் வருகிறது. என்ன செய்வது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

அரிப்பு எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சவரம் செய்த கையோடு எரிந்தால், பிளேட் தோலின் மேல்படையைச் சுரண்டியிருக்கிறது. ஓரிரு நாளில் ஆறிவிடும். உங்களுக்கு வருவது முடி திரும்ப முளைக்கும் நேரத்தில். இந்த இடங்களில் முடி சுருளும். பிளேட் சரிவாக வெட்டியதும் நுனி கூராகி, வளைந்து வந்து பக்கத்துத் தோலிலேயே குத்துகிறது. உடம்புக்கு அது முள் ஏறிய மாதிரித்தான். அதனால்தான் வீங்கிப் பருவாகிறது.

எனக்குக் கவலை தருவது அந்தக் களிம்புதான். பூசினால் அடங்கி, விட்டால் திரும்புகிறது என்றால் அதில் ஸ்டீரொய்ட், அதாவது வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும் மருந்து, இருக்கலாம். டியூபில் பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று இருக்கிறதா பாருங்கள். மடிப்புத் தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும். நாள்படத் தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும். அப்புறம், இருப்பது படர்தாமரை என்றால் அரிப்பு மட்டும் அடங்க, பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். நம் ஊர்ப் புழுக்கத்தில், இறுக்கமான உடையோடு நெரிசல் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அது சாதாரணம். வட்டமாகப் பரவி, விளிம்பு தடித்துச் செதில் உதிர்ந்தால் சவரத்தைக் குறை சொல்ல வேண்டாம். அதற்குப் பூஞ்சை மருந்துதான் வேண்டும். களிம்பை மாதக்கணக்கில் பூசியிருந்தால், நிறுத்துவது எப்படி என்று வைத்தியரிடமே கேளுங்கள்.

இப்போதைக்கு நான்கு வாரம் சவரம் வேண்டாம். அரிக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். வாசனையில்லாத மெல்லிய மொய்ஸ்சரைசர் போதும். படிகாரம், எலுமிச்சை, கிருமிநாசினி எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. உள்ளே மாட்டிய முடியை ஊசியால் கிளறவும் வேண்டாம். கிளறினால் விழும் கறுப்புத் தழும்பு பருவைவிட அதிக நாள் இருக்கும்.

பிறகு? என்னைக் கேட்டால் ரேசரை விட்டு ட்ரிமருக்கு மாறுங்கள். 1–2 மில்லிமீற்றர் முடி வெளியே நின்றால் குத்த வழியில்லை. முழுதாக மழித்தே ஆகவேண்டுமா, சரி: குளித்து முடி மென்மையானதும் ஜெல் பூசி, முடி வளரும் திசையிலேயே, தோலை இழுத்துப் பிடிக்காமல் ஒரே வீச்சு. ஐந்தாறு தடவைக்கு மேல் அதே பிளேட் வேண்டாம், ஈரக் குளியலறையில் விட்டுவைக்கவும் வேண்டாம். முக்கியமாக, வேலைக்குப் போகும் காலையில் செய்யாமல் இரவில் செய்யுங்கள். புதிதாகச் சுரண்டிய தோலில் வியர்வையும் டியோடரன்ட்டும் பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

சீழ், காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தாலோ, நீரிழிவு இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். ஒரே இடத்தில் ஆழமான கட்டி திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். தோல் வைத்திய நிபுணர் பார்க்க வேண்டும். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். போகும்போது அந்த டியூபையும் கையோடு கொண்டுபோங்கள்.