தாங்குபல் உடைந்தால்: பாவனையாளர் கேள்வி–பதில்

கேள்வி (புதுக்குடியிருப்பு): ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் கீழ்த்தாடையில், இருபக்கப் பற்களைத் தாங்குபற்களாக்கி இடையில் விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் மூன்று பல் பாலம் போடுவித்தேன். புழுக்கொடியல் கடித்தபோது பின்பக்கத் தாங்குபல் உடைந்துவிட்டது. ஒரு வைத்தியர் வேரைப் பிடுங்க வேண்டும் என்கிறார். மற்றவர் அதன்மேலேயே கட்டலாம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: எக்ஸ்ரே படத்தை நம்புங்கள். முரசுக்கு மேல் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உயரத்துக்கேனும் நல்ல பல் சுற்றிவர எஞ்சியிருந்து, வேரும் பிளக்காதிருந்தால், வேர்ச்சிகிச்சை செய்து, வேருக்குள் ஒரு தண்டை இறக்கி, பல்லைக் கட்டியெழுப்பிப் புதிய பாலம் போடலாம். உடைவு முரசுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தால், அல்லது வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால், பிடுங்குவதே வழி. உங்களுக்கு உடைந்தது பின்தூண் என்பதால், அதற்கும் பின்னால் உறுதியான பல் இல்லையெனில், பாலத்தை நீட்ட இடமில்லை. கழற்றிப் பூட்டும் கட்டுப்பல், அல்லது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் உள்வைப்பு ஆகியவையே மிஞ்சும். உள்வைப்புக்குப் பல மாதங்கள் பிடிக்கும். நீரிழிவோ புகைப்பழக்கமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்தூண் நலமாயிருந்தால் பாலத்தை அவ்விடத்தில் வெட்டி, முன்தூணின் மேலுள்ள பகுதியை மட்டும் தனி உறையாக வைத்திருக்க முடியுமா என்றும் கேளுங்கள். இதை வைத்தியர்கள் தாமாகச் சொல்வது குறைவு.

கேள்வி (மாங்குளம்): கழன்ற பாலத்தைச் சுப்பர் குளூவால் ஒட்டினேன். இப்போது வலிக்கிறது.

பதில்: இன்றே அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; பசையைச் செருப்புக்கு வைத்திருங்கள்.

கேள்வி (மல்லாவி): அம்மாவின் பாலத்துக்கு முழுப்பணமும் முற்பணமாகக் கட்டினோம். ஓராண்டுக்குள் தாங்குபல் உள்ளே சூத்தை பிடித்து உடைந்தது. "பல்தான் உடைந்தது, பாலம் உடையவில்லை" என்கிறார்கள். பற்றுச்சீட்டில் "பல் வேலை" என்று மட்டுமே உள்ளது.

பதில்: இந்த "பல் வேலை" என்ற இரு சொற்களுடன் எனக்குப் பழைய பகை உண்டு. பாதி விலை என்று மயங்கி, எக்ஸ்ரே எடுக்காமலே ஒரு பாலம் போடுவித்தவன் நான்; நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதித் தந்த பற்றுச்சீட்டிலும் இவையே இருந்தன. பாலம் போய்விட்டது, தாள் இருக்கிறது, கட்டுப்பல் இரவில் கோப்பைத் தண்ணீரில் கிடக்கிறது. ஒரு துவிச்சக்கரவண்டி வாங்கினால் வண்டிச் சட்டகத்தின் இலக்கத்தை எழுதுவிக்கும் நாம், அதைவிடக் கூடிய பணத்தைக் கொடுத்துவிட்டு, எந்தப் பல், எந்த உலோகம், வேர்ச்சிகிச்சை உண்டா, உடைந்தால் யார் செலவு என்று ஒரு வரியும் கேட்பதில்லை. உங்கள் அம்மாவோ ஏமாற்றப்பட்டிருக்கிறார், கூச்சப்படாமல் பேசுங்கள். பாலம் போடுமுன் எடுத்த படத்தைக் கேளுங்கள். அதில் சூத்தை தெரிந்தால் ஏன் கட்டினார்கள் என்றும், படமே இல்லையென்றால் ஏன் எடுக்கவில்லை என்றும் எழுத்தில் கேளுங்கள். பாலத்தை வெட்டுமுன் வேறொரு பல் வைத்தியரின் கருத்தை எழுத்தில் பெற்று, கழற்றிய துண்டுகளையும் கையில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): வீடு வீடாக வரும் ஒருவர், உடைந்த வேரைப் பிடுங்காமலே மேலே நிரந்தரப் பல் பூட்டுவதாகச் சொல்கிறார். பெயர் தெரியாது. பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: பெயர் தெரியாதவரிடம் வாயையும் பணத்தையும் திறந்துவிட்டு, பிறகு என்னிடம் கேட்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். அடுத்தமுறை வந்தால், இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அதன்பின் அவர் வருகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.