சிவாஜி செத்துவிட்டார், பாட்டு எப்போது வரும்?

அன்புள்ள சார்,

எதிர்பார்ப்பை உடைக்கும் படங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, வீட்டில் 'அந்த நாள்' போட்டேன். அப்பா சிவாஜி ரசிகர், ஒரு காலத்தில் மன்றத்திலேயே இருந்தவர். ஆசையாக வந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பார்த்திருப்பார். "ஒரு பாட்டு இல்ல, நெஞ்சை நிமித்திப் பேச ஒரு வசனம் இல்ல. சிவாஜியை வச்சுக்கிட்டு இதையா எடுப்பான்?" என்று எழுந்து போய்விட்டார். எனக்குப் படம் பிடித்திருந்தது. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றுகிறது. காசு கொடுத்து வருகிறவன் ஒன்றை நம்பித்தான் வருகிறான். வேண்டுமென்றே அதைக் கொடுக்காமல் விடுவது டைரக்டரின் திமிர் இல்லையா?

(ராத்திரி சாப்பிடும்போது, "கடைசியில யார்தான் சுட்டது?" என்று மட்டும் கேட்டார்.)

க., தாராபுரம்

அன்புள்ள க.,

முதலில் அப்பா பக்கம் நின்று பேசுகிறேன். 1954 ஏப்ரலில் இந்தப் படத்துக்குப் போனவர்களும் அவரைப் போலத்தான் போயிருப்பார்கள். இரண்டு வருடம் முன்னால் 'பராசக்தி'. ஒரு மாதம் முன்னால்தான் 'மனோகரா', சங்கிலியில் கட்டுண்டு தர்பாரில் முழங்கியது. இரண்டும் கருணாநிதி வசனம். அந்தக் குரலுக்காகத்தான் ஜனம் போனது. இங்கே என்ன நடக்கிறது? துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி தள்ளாடி விழுகிறார், செத்துப்போகிறார். அவ்வளவுதான். இருட்டில் சீட்டைத் தடவிக்கொண்டு இரண்டு நிமிடம் தாமதமாக உள்ளே வந்தவர் அதையும் பார்த்திருக்க மாட்டார்.

நான் முதலில் பார்த்தது சின்ன வயதில், பக்கத்து வீட்டு டிவியில். கூடத்தில் பதினைந்து பேர். பாதிப் படம் வரைக்கும் எல்லோரும் பாட்டுக்காகக் காத்திருந்தோம். ஒரு பாட்டி, "கரண்ட் போயிட்டு வந்துச்சே, அப்பவே பாட்டையெல்லாம் போட்டு முடிச்சிட்டான்போல" என்றார். நாங்களும் அதை நம்பினோம். தமிழ்ப் படத்தில் பாட்டே இருக்காது என்பதைவிட அது நம்பும்படியாக இருந்தது.

ஆகவே எதிர்பார்ப்பு என்பது ரசிகனின் அறியாமை என்று நான் சொல்லவே மாட்டேன். அது பழக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசியாகப் பாயசம் வரும் என்று வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டு வைப்போமே, அந்த மாதிரி.

ஆனால் திமிர் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. டைரக்டர் எஸ். பாலசந்தர் எதையும் மறைக்கவில்லை. படம் தொடங்கியதும் நாயகனைக் கொன்று, இங்கே பாயசம் கிடையாது என்று இலை போடும்போதே சொல்லிவிட்டார். (பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்த அதே ஆள்தான். சங்கீதத்தை உயிராக நினைத்த ஒருவர் பாட்டே இல்லாமல் படம் எடுத்தார் என்பதை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். அப்போது அவருக்கு 27 வயது, சிவாஜிக்கு 25.) எனக்கு எரிச்சல் வருவது வேறு வகைப் படங்கள்மேல். இரண்டரை மணி நேரம் ஒரு கதையைச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில், இதுவரை பார்த்தது எதுவுமே நடக்கவில்லை என்பார்கள். போஸ்டரில் 'யாருமே எதிர்பார்க்காத கிளைமாக்ஸ்' என்று வேறு போடுவார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, சரி. எதிர்பார்க்க ஒரு தடயமாவது விட்டார்களா? அதைத்தான் ஏமாற்று என்பேன்.

'அந்த நாள்' அப்படி இல்லை. கதை நடப்பது 1943இல், சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில். செத்துப்போன ராஜன் ஒரு ரேடியோ எஞ்சினியர். ஜாவர் சீதாராமன் கதை வசனம் எழுதி, சி.ஐ.டி. அதிகாரியாகவும் வந்து, ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை ஒரு கதை சொல்கிறார், தம்பி ஒரு கதை, தம்பி மனைவி ஒரு கதை. ஒவ்வொருவர் வாயிலும் ராஜன் வேறு ஆளாக வருகிறான், மறுபடி மறுபடி சாகிறான். சிவாஜி ஒரே படத்தில் ஐந்தாறு சிவாஜியாக நடிக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் குரலை ஏற்றாமலே! அப்பா தேடி வந்தது அங்கேதான் இருந்தது. அவர் எதிர்பார்த்த சத்தத்தில் இல்லை, அவ்வளவுதான். முதல் வெளியீட்டில் படம் பெரிதாக ஓடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் துணை நிறைய உண்டு.

நீங்கள் கேட்காத இன்னொரு படத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஏமாந்தவன் நான். 'முள்ளும் மலரும்', 1978. மகேந்திரன் அதுவரை வசனகர்த்தாவாகப் பெயர் எடுத்தவர், ஆகவே தயாரிப்பாளர் எதிர்பார்த்தது பக்கம் பக்கமாக வசனம். வந்ததோ, பாலு மகேந்திராவின் கேமராவும் நிறைய மௌனமும். கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு கையை இழந்த காளி தனியாக நிற்கிறான். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த தங்கை எல்லோரையும் விட்டுவிட்டு அவனிடம் ஓடி வருகிறாள். இனி அவன் திருந்துவான், தங்கை கட்டிக்கொள்ளப்போகும் எஞ்சினியரைக் கட்டிப்பிடித்து அழுவான் என்று நான் தயாராகிவிட்டேன், கர்ச்சீப்பைக்கூட எடுத்துவிட்டேன். காளி திருந்தவில்லை. ஊருக்கு முன்னால் தங்கை தன்னைத்தான் பெரிதாக நினைத்தாள் என்பதில் அவனுக்குத் தலைகொள்ளாத பெருமை. கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான், அதே மூச்சில் எஞ்சினியரிடம், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான்.

தியேட்டரை விட்டு வரும்போது எனக்குக் கோபம். ஒரு மன்னிப்புகூடக் கேட்க மாட்டானா? அப்புறம் பஸ்ஸில் போகும்போது எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது. சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் கடைசி ஆளாக நின்று பரிமாறிவிட்டு, தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊர் திரும்பியவர். காளியை நான் சினிமாவில் எதிர்பார்க்கவில்லையே தவிர, வீட்டில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவை வற்புறுத்தி மீண்டும் உட்கார வைக்காதீர்கள். பாதியில் எழுந்து போவதும் ரசிகனின் உரிமைதான், நானே பல பெரிய படங்களில் எழுந்து போயிருக்கிறேன். ஆனால் எழுந்து போனவர் ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு யார் சுட்டது என்று கேட்டிருக்கிறார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. இன்னும் சொல்லவில்லை என்றால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.