வளர்த்தியா, திறமையா? வாசகர் கேள்வி–பதில்

என் மகனுக்கு 12 வயது. பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆனாலும் இரண்டு கால்பந்துத் தேர்வுகளில் ‘திறமை போதாது’ என்று அனுப்பிவிட்டார்கள். எடுத்த பையன்கள் எல்லோரும் அவனைவிட ஒரு சாண் உயரம். திறமை என்று எதைத்தான் பார்க்கிறார்கள்?

சொல்வது திறமை, அந்த வயதில் பல நேரம் பார்ப்பது வளர்த்தி. பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த ஓராண்டில் ஒரு பையன் 9, 10 செ.மீ. கூட வளர்வான். சிலருக்கு இது முன்னதாகவே வந்துவிடும், சிலருக்கு 15, 16 வரை தள்ளிப்போகும். ஆகவே வயது 13 என்று எழுதியிருக்கும் இருவரில் ஒருவன் உடம்பால் 11 ஆகவும் மற்றவன் 15 ஆகவும் இருக்கலாம். முந்தி வளர்ந்தவன் ஓட்டத்திலும் மோதலிலும் ஜெயிப்பான். சில வருடங்களில் மற்றவர்களும் வளர்ந்துவிட்டால் அந்த அனுகூலம் கரைந்துபோகும்.

பிறந்த மாதம் வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்கினால், டிசம்பரில் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்களோடு மோதுகிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பது 1985-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஆனால் டிசம்பர் பையனும் சீக்கிரம் முதிரலாம்.

வீட்டிலேயே அளக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெறுங்காலுடன், குதிகாலும் முதுகும் சுவரில் பட நிறுத்தி, கனமான புத்தகத்தைத் தலைமேல் கிடையாக வைத்துக் குறியுங்கள். எப்போதும் காலையில்தான், மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி உயரம் 1 செ.மீ. வரை குறையும். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். வித்தியாசத்தை நான்கால் பெருக்கினால் ஆண்டு வேகம் கிடைக்கும். அளவில் அரை செ.மீ. தவறினால் விடையில் 2 செ.மீ. தவறும், கவனம். வேகம் 7 செ.மீ.யைத் தாண்டினால் பெரும்பாலும் அந்த வேக வளர்த்தி தொடங்கிவிட்டது. உயரம் தெரிந்த பெட்டியில் உட்காரவைத்தும் அளந்து, பெட்டியின் உயரத்தைக் கழித்துக் குறித்துவையுங்கள், காலும் உடலும் தனித்தனியே எவ்வளவு நீள்கின்றன என்று தெரியும். கால்கள்தான் முதலில் நீளும், உடல் பிறகு. கால் நீளும் மாதங்களில் பந்துக் கட்டுப்பாடு தடுமாறுவது சகஜம். அந்த நேரத்தில் ‘இவனுக்கு வராது’ என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

60 பிள்ளைகளை ஒரே நாளில் தேர்வு செய்ய வேண்டும். 20 மீட்டர் ஓட்டமும் பந்து தட்டலும் போதுமா?

போதாது. ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அழுத்தும்போது மின்னணுக் கருவியைவிடச் சுமார் 0.2 விநாடி குறைவாகக் காட்டும். பிள்ளைகளுக்கு இடையே வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும். ஓட்டம் வேண்டுமென்றால் ஒருவரே எல்லோருக்கும் நேரம் எடுக்கட்டும், ஆளுக்கு மூன்று முறை.

அதைவிட, 30×20 மீட்டர் களத்தில் நாலுக்கு நாலு, 6 நிமிட ஆட்டங்கள் வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அணிகளைக் கலைத்து, வெற்றிப் புள்ளியை அணிக்குப் பதில் ஆளுக்கு எழுதுங்கள். யாரோடு சேர்ந்தாலும் ஜெயிக்கிற பிள்ளை தானாக மேலே வரும். பந்து வருமுன் தோள்வழியே திரும்பிப் பார்க்கிறதா, பந்தை இழந்தபின் நிற்கிறதா துரத்துகிறதா என்றும் கவனியுங்கள். தேர்வாளர் இருவரும் பேசிக்கொள்ளுமுன் தனித்தனியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் உரத்துப் பேசுபவர் கருத்தே இருவர் கருத்தாகிவிடும்.

சட்டை எண்ணைப் பிறந்த தேதி வரிசையில் கொடுத்து, அதைத் தேர்வாளர்களிடம் சொல்லியும் விடுங்கள். 2017-இல் வெளியான ஆய்வொன்றில், பிறந்த தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது மாறாமல் இருந்த, வயதில் மூத்தவர்களையே அதிகம் எடுக்கும் சாய்வு, சட்டை எண்ணைக் கண்ணால் பார்த்தபோது மறைந்தது.

கடைசியாக, எல்லோருக்கும் புதிதான ஒரு அசைவைக் கற்றுக்கொடுத்து 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது முதல் நாள் மதிப்பெண்ணைவிடப் பயனுள்ள தகவல். ஒரே நாளில் முடித்தே ஆகவேண்டுமென்றால், நிராகரித்தவர்களில் பிந்தி வளர்பவர்களின் பெயரையாவது எடுத்துவைத்து அடுத்த ஆண்டு கூப்பிடுங்கள்.

உச்சம் தொடப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும், 10 வயதிலேயே ஒரே விளையாட்டில் இறக்கினால்தான் அது சேரும் என்கிறார்கள். உண்மையா?

அந்த எண் 1993-இல் வெளியான வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. மிகச் சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் செய்த பயிற்சியின் சராசரி அது. அவர்களிலேயே பலர் அதை எட்டியிருக்கவில்லை. அதை நுழைவுச் சீட்டாக்கியது பிற்பாடு வந்த பேச்சு. வளர்ந்தபின் உலகத் தரத்துக்கு உயர்ந்தவர்கள், அடுத்த நிலையில் நின்றவர்களைவிடச் சிறுவயதில் வேறு விளையாட்டுகளும் ஆடி, ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருக்கிறார்கள். இளையோர் பிரிவில் கொடிகட்டுபவர்களின் கதை நேரெதிர். ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளமையிலேயே உச்சம் தொடும் விளையாட்டுகள் விலக்கு. வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வலியும் வீக்கமும் வந்தால் ஓட்டத்தையும் குதித்தலையும் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மரபணுச் சோதனை செய்து எந்த விளையாட்டு என்று முடிவு செய்யலாமா?

வேண்டாம். விளம்பரங்களில் ‘வேக மரபணு’ எனப்படும் ஏசிடிஎன்3-இன் இயங்கும் வடிவம் ஓட்ட வீரர்களிடம் இருப்பது உண்மைதான். பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்களில் பெரும்பாலோரிடமும் அது இருக்கிறது.