யாரு பேசுறது இது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோயில் திருவிழாக்களில் கரகம் ஆடும் திருநங்கையர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 22 பேரைப் பேட்டி எடுத்து எழுதி முடித்துவிட்டேன். பாலினம் என்பது திரும்பத் திரும்ப நிகழ்த்திக் காட்டுவதால் உருவாவது என்ற ஜூடித் பட்லரின் கோட்பாடு இதற்குப் பொருந்துமா? மேலைநாட்டுக் கோட்பாடு நம்மூருக்கு எதற்கு என்கிறார் என் நெறியாளர். புதிதாக எதைப் படிக்கலாம்? ஒரு பேட்டியை இணைத்திருக்கிறேன், கொச்சையையெல்லாம் திருத்திவிட்டேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்லர் பொருந்துவாரா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1990-ல் அவர் எழுதிய நூலில் எஸ்தர் நியூட்டனின் 'மதர் கேம்ப்' எடுத்தாளப்படுகிறது. அமெரிக்காவில் பெண் வேடமிட்டு ஆடிய ஆண்களோடு பழகி, மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, நியூட்டன் 1972-ல் கொண்டுவந்த நூல் அது. அந்தக் கோட்பாட்டுக்கு அடியிலும் ஒரு ஒப்பனை அறை இருக்கிறது என்று நெறியாளரிடம் சொல்லுங்கள், போதும்.

என்னைத் தூங்கவிடாதது நீங்கள் இணைத்திருந்த பேட்டி. கரகம் ஆடுகிற ஒரு அக்கா, "குடும்பத்தினரின் புறக்கணிப்புக்கு ஆளானேன்" என்கிறார். சத்தியமாக அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் மேல் கோபம்தான் வந்தது, ஏனென்றால் இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். செய்யாறு பக்கம் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டும் ஒரு பெரியவரிடம் கேசட்டில் பேட்டி எடுத்தேன். "வேஷம் கட்டுனா நான் இருக்கறேன் தம்பி, அவுத்துட்டா ஆளு காணாம்" என்றார். சொல்லும்போது வெற்றுத் தோளில் கையை வைத்து, இல்லாத முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பெண் வேடத்தில்தான் என் அடையாளத்தை முழுமையாக உணர்கிறேன்" என்று நான் எழுதினேன். அச்சானதும் எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தபடியே கேட்டார், "யாரு பேசுறது இது?" என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அடையாளம் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அந்தக் கை எந்தக் கேசட்டிலும் இல்லை.

புதிதாக என்ன படிக்கலாம் என்றால் ஈ. பாட்ரிக் ஜான்சனைப் படியுங்கள். அமெரிக்கத் தெற்கில் பிறந்த கறுப்பின ஆய்வாளர். 'குயர்' என்றால் வழக்கத்துக்கு மாறானது; வழக்கமான பாலின, பாலீர்ப்பு வரையறைக்குள் அடங்காதவர்களையும் அப்படிச் சொல்வார்கள். அவர் பாட்டி அந்தச் சொல்லைத் தெற்கத்தி நாக்கில் 'குவேர்' என்பாராம். அந்த உச்சரிப்பை அப்படியே எடுத்து, நிறத்தையும் வர்க்கத்தையும் மறந்துபோன குயர் கோட்பாட்டுக்கு எதிராக 2001-ல் ஒரு கட்டுரையே எழுதினார். பாட்டி தப்பாகச் சொல்கிறார் என்று திருத்தியிருந்தால் அந்தக் கட்டுரை ஏது? அப்புறம் தெற்கத்திக் கறுப்பின ஆண் தன்பால் ஈர்ப்பாளர்கள் 60-க்கும் மேற்பட்டவர்களிடம் வாழ்க்கைக் கதை கேட்டு, 2008-ல் 'ஸ்வீட் டீ' என்ற நூலாக்கினார். அதோடு விடவில்லை, அவர்கள் பேச்சைத் தானே மேடையில் நின்று பேசியும் காட்டினார். இன்னொருவர் சொன்னதை உங்கள் வாயால் அதே மூச்சோடு சொல்லிப் பாருங்கள், எங்கே இழுத்தார், எங்கே சிரித்து மழுப்பினார், எங்கே பேச்சை மாற்றினார் என்பது உங்கள் தொண்டைக்குத் தெரிந்துவிடும். நிகழ்த்துதலை ஆய்வுமுறை என்று ஜான்சன் போன்றவர்கள் சொல்வது இதைத்தான். பெண்களிடம் கேட்ட கதைகளை 2018-லும் 2019-லும் நூலாக்கியிருக்கிறார், அவற்றையும் தேடுங்கள்.

மற்றபடி 22 பேர் போதுமா, இனிப் புதிதாக எதுவும் வராத அளவுக்குத் தரவு செறிவடைந்ததா என்பதெல்லாம் உங்கள் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொச்சை என்று எழுதினீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. ராத்திரி முழுக்கத் தலையில் கரகத்தோடு ஆடிவிட்டு, வீங்கின காலோடு உட்கார்ந்து உங்களுக்காகப் பேசியவரின் தமிழ் அது. அதில் திருத்த நீங்கள் யார்?

ஒலிப்பதிவை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மறுபடி போட்டுக் கேளுங்கள். எழுத வேண்டாம், முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "புறக்கணிப்புக்கு ஆளானேன்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் அந்த அக்கா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.