ஒரு நாளைக்கு 43 நன்றி

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையின் கடைசியில் 'நன்றியோடுதான் வாழ்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எனக்கு வயது 31. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வீல்சேரில் இருக்கிறேன். அம்மாவும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மனைவி தையல் வேலைக்கும் போகிறாள்.

வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் 'உயிர் பிழைச்சதே பெரிசு, இப்படி ஒரு பொண்டாட்டி கிடைச்சதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லு' என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எத்தனை தடவை நன்றி சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். 'தேங்க்ஸ்மா', 'ரொம்ப நன்றிண்ணே' எல்லாம் சேர்த்து 43. தண்ணீர் எடுத்துக் கொடுத்ததற்கு, ஃபேன் போட்டதற்கு, வாசல்படி இறக்கிவிட்டதற்கு. திங்கட்கிழமை வேண்டுமென்றே ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ராத்திரி மனைவி 'என்மேல கோவமா?' என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நன்றி சொல்லிச் சொல்லி நான் கடன்காரன் மாதிரி ஆகிவிட்டேன். நீங்கள் உண்மையாகவே நன்றியோடு இருக்கிறீர்களா, இல்லை, எழுத வேண்டும் என்பதற்காக எழுதியதா? என் பெயர் போட வேண்டாம்.

ஆர்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் கையிலேயே வைத்திருந்தேன். அந்த வரியை உண்மையாகத்தான் எழுதினேன். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு 50 வருடம் ஆனது. அதைச் சொல்லாமல் கடைசி வரியை மட்டும் எழுதிவிட்டேன். அது என் தவறு. இப்போது சொல்கிறேன்.

நான் பிறந்தது 1968. பதினோராவது மாதத்தில் காய்ச்சல் வந்து வலது கால் போனது. போலியோ. வீடு வீடாக வந்து சொட்டு மருந்து கொடுத்த பல்ஸ் போலியோ காலமெல்லாம் 1995க்கு அப்புறம்தான். ஆறு வயதிலிருந்து காலிப்பர் போட்டு, அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கிற கம்பிச் சட்டம் கட்டி, நடந்தேன். ஒன்பதாவது வகுப்பு மாடியில் இருந்தது. எனக்காக அதைக் கீழே மாற்றினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் ஆண்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, 'ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பையே இறக்கினோம்' என்று மைக்கில் சொல்லி, என்னையும் நன்றி சொல்ல வைத்தார்கள். அந்த மேடைக்கு ஐந்து படி. கைப்பிடி கிடையாது. கையால் தொடையைத் தூக்கித் தூக்கி வைத்து ஏறுவேன். படி ஏற முடியாத பிள்ளைக்கு உதவியதைச் சொல்ல அந்தப் பிள்ளையைப் படி ஏற வைக்கிறோமே, மைக்கைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்போமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது வருடம் நன்றி என்ற சொல் வாயில் வரும்போதே எனக்குக் குமட்டியது. உங்கள் திங்கட்கிழமையை நான் 16 வயதில் பார்த்துவிட்டேன்.

அதே வருடங்களில் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காலிப்பரில் தொடைக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று, கெண்டைக்காலுக்கு ஒன்று என்று தோல் வார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கிள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. முட்டிக்கு நேரே ஒரு வளையம், எழுந்து நிற்கும்போது அதைக் கீழே இறக்கினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். வியர்வையில் விறைத்துப்போன தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். பக்கிளின் முள் ஓட்டைக்குள் போகாது. பெருவிரலால் அழுத்துவாள். அழுத்தி அழுத்தி அவள் வலது பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. கடைசிவரை அந்தப் பிளவு ஒன்றுசேரவே இல்லை. அம்மாவுக்கு ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் அந்த நகம் எனக்குத் தெரியும். இப்போது கண்ணை மூடினாலும் தெரியும்.

திருக்குறளில் அந்த அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை அறிந்திருப்பதுதான் நம் பங்கு. வாயால் சொல்வது என்ற பேச்சே அந்தத் தலைப்பில் இல்லை. நாமோ இன்று அறிவதை விட்டுவிட்டுச் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டோம். உங்கள் 43இல் எத்தனை அறிந்து சொன்னவை, எத்தனை பயந்து சொன்னவை? பயம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்குத் தண்ணீர் வராதோ என்கிற பயம். எனக்கும் இருந்தது.

2016 வாக்கில் என் இடது காலும் தளர ஆரம்பித்தது. போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டு கழித்து இப்படி வருவது உண்டு. அத்தனை நாள் இரட்டை வேலை பார்த்த நரம்பும் தசையும் களைத்துப்போகும். 2019இல் வீல்சேருக்கு வந்தேன். அதுவரை என் காபியை நானே போட்டுக் குடித்தவள், எல்லாவற்றுக்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதானது. நானும் எண்ணினேன் தம்பி, உங்களை மாதிரியே. எண்ணிக்கையை மட்டும் குறிக்காமல், எதற்கு என்பதையும் நோட்டில் எழுதினேன். ஒரு வாரம் எழுதிய பிறகு பார்த்தால், பாதிக்கு மேல் என் காலால் வந்தவை இல்லை. வீட்டால் வந்தவை. சுவிட்ச் உயரத்தில் இருந்தது. டம்ளர் மேல் தட்டில் இருந்தது. பாத்ரூம் கதவு இரண்டேகால் அடி, வீல்சேர் இரண்டு அடி. நுழையும்போது விரல் நசுங்கும் என்பதால் ஒருவர் கூடவே வர வேண்டும். வாசலில் இரண்டு படி.

கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டேன். இரண்டு படியும் சேர்ந்து 14 அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அப்படியென்றால் 14 அடி வேண்டும். 'எதுக்குக்கா இவ்வளவு நீளம், அஞ்சடி போதுமே' என்றார். நான் வாதாடவில்லை. ஐந்தடிப் பலகை ஒன்றைப் படியில் சாய்த்து, வீல்சேரில் அவரையே உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளினார். பாதியில் வண்டி பின்னால் சரிந்தது, அவர் மகன் பிடித்துக்கொண்டான். இறங்கி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். 'பதினாலே போட்டுடுவோம்க்கா' என்றார். முற்றத்தில் நேராகப் போட இடமில்லாததால் திருப்பத்தில் சமதளமாக ஒரு திண்டு விட்டு, எல் வடிவத்தில் அவரே மடக்கிப் போட்டார். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் இருக்க நான் கேட்காமலேயே நான்கு விரல் உயரத்துக்குத் திட்டு கட்டிக் கொடுத்தார். கூலி பேசிய கூலிதான். அவரிடம் நான் சொன்ன நன்றி மனசு நிறைந்து சொன்னது. அதற்கப்புறம் வாசல்படிக்காக யாரிடமும் நன்றி சொல்லும் தேவை இல்லை. சாய்தளம் நம்மிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

பாத்ரூம் கதவை மூன்றடி ஆக்கினேன். சுவிட்சை இறக்கினேன். பானையை முக்காலியில் வைத்தேன். என் நோட்டில் ஒரு நாளைக்கு 30 என்று இருந்தது ஏழு, எட்டுக்கு வந்தது. அந்த ஏழு எட்டையும் இப்போது பல்லைக் கடிக்காமல் சொல்கிறேன். கட்டுரையில் எழுதிய நன்றி அதுதான்.

உங்கள் உடம்பு வேறு, என் உடம்பு வேறு. போலியோ அசைவைத்தான் கொண்டுபோகும், உணர்ச்சியைத் தொடாது. உங்களுக்கு உணர்ச்சியும் இல்லை என்பதால் படுக்கைப்புண் பயம் உண்டு. உங்கள் பிட்டத்தையும் குதிகாலையும் தினமும் யார் பார்க்கிறார்கள்? அம்மா என்றால், நீளமான கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடி வாங்குங்கள். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவதை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, கடிகாரத்தில் அலாரம் போதும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மனைவி தூக்கித்தான் மாற்றுகிறார் என்றால், வழுவழுப்பான பலகை ஒன்றை இரண்டுக்கும் நடுவில் போட்டு நகர்ந்து மாறுவதற்குக் கற்றுக்கொள்ளுங்கள். கையில் பலம் இருக்கிறவர்களுக்கு இது வரும். தப்பாகச் செய்தால் தோல் உரியும், அதனால் மறுவாழ்வு மையத்தில் தெரிந்தவர்களிடம்தான் கற்க வேண்டும்.

அதற்கு நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். தென்காசி பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர். 1981இல் சொந்த ஊரில் சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெயரில் இருக்கும் 'அமர்' யார் தெரியுமா? அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். அந்த டாக்டரிடம் அவர் எத்தனை தடவை நன்றி சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பஸ் ஏறும்போது 'அமர் சேவா' என்று ஒரு பஞ்சாபி டாக்டரின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உரிமைக்கு நன்றி கிடையாது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் நமக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது, அரசு வேலையில் 4 சதவீதம் என்கிறது. அடையாள அட்டைக்காக ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று தடவை அலைய வைத்து, கடைசியில் கையில் கொடுக்கும்போது 'ஒரு நன்றிகூடச் சொல்ல மாட்டீங்களா' என்று கேட்டார் அங்கிருந்த ஒருவர். 'வணக்கம்' என்று சொல்லிவிட்டு வந்தேன். மரியாதை எல்லோருக்கும் தரலாம். பயந்து நன்றி சொல்லாதீர்கள்.

உங்கள் மனைவி 'என்மேல கோவமா?' என்று கேட்டதற்கு வருகிறேன். அவர் அன்றைக்குத் தேடியது தேங்க்ஸ் என்ற சொல்லை இல்லை என்று நினைக்கிறேன். நாள் முழுக்க நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. உங்களைத் தூக்கும்போது எந்தத் தோளைக் கொடுக்கிறார்? தைத்துவிட்டு வந்த அன்று எந்த விரலை நீவிக்கொள்கிறார்? இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்ததை ஒரு நாள் அவரிடம் சொல்லுங்கள். தையல் கணக்கை நீங்கள் எழுதலாம், பட்டன் தைக்கலாம், வெங்காயம் உரிக்கலாம். ஈடு செய்வதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் உங்கள் கைக்கும் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் தென்காசி ரயில் நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. நான்கைந்து பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். நல்ல மனசுதான், ஆனால் ஒருவர் கழற்றக்கூடிய கைப்பிடியைப் பிடித்திருந்தார். தூக்கினால் அது கையோடு வந்துவிடும், நான் கீழே. அப்போது டீ விற்கிற ஒரு பையன் கேனைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து என் முகத்துக்கு நேரே வந்து, 'எங்க பிடிக்கணும்க்கா?' என்று கேட்டான். சொன்னேன். மற்றவர்களுக்கும் அவனே சொல்லிக் கொடுத்தான். இறக்கிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். நன்றி சொல்ல நேரமே இல்லை. வீடு வரும்வரை அந்தப் பையன் முகம்தான்.

இதை எழுதும்போது வெளியே சாரல் விழுகிறது. ஜன்னலை அடைக்காமல் காலை நீட்டி வைத்திருக்கிறேன். வலது கால் அசையாது, ஆனால் ஒவ்வொரு துளியும் அதற்குத் தெரிகிறது. உங்களுக்குக் காலில் தெரியாது. கையில் தெரியும், முகத்தில் தெரியும். அம்பாசமுத்திரத்துக்கும் இந்தக் காற்று வருமே.

சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எண்ணுங்கள். இந்தத் தடவை எதற்கு என்றும் எழுதுங்கள். வாசல்படி எத்தனை அங்குலம், பாத்ரூம் கதவு எத்தனை அடி, வீல்சேர் அகலம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். என் கொத்தனாரிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா